மூடியில் விழுந்த வட்டம்

6

"மாமா, இடதா, வலதா?"

ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கேட்டான் ரேடியோ, வாய் ஓயாததால் அந்தப் பட்டப்பெயர் வாங்கியவன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த துல்லியம் முன்கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார்.

எதிரே பாதை இரண்டாகப் பிரிந்திருந்தது. இரண்டுமே செம்மண், இரண்டுமே வளைந்து புதருக்குள் மறைந்தன. ஏற்கெனவே ஒருமுறை வந்து போனவருக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை.

"இடது" என்றார், குரலில் கொஞ்சம் அதிகாரத்தைக் கலந்து.

இடது பாதை அரைக் கிலோமீட்டர் ஓடி ஒரு கம்பி வேலியில் முட்டிக்கொண்டு நின்றது. ரேடியோ வேலியைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், பிறகு வண்டியைப் பின்னால் எடுத்தான். போன தடவை வந்தபோது இந்த வேலி மேலே பறந்துகொண்டிருந்ததா என்று மட்டும் கேட்டான்.

துல்லியம் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. பதினெட்டு வருடமாக அவர் எழுதிக்கொடுத்த விசாரணை அறிக்கைகளில் ஒரு நிமிடம், ஓர் அங்குலம் பிசகியதில்லை என்று கம்பெனிகள் வைத்த பட்டம். ரேடியோ அவருடைய மனைவியின் தம்பி, உதவியாளன். நாற்பது வயது நெருங்கியும் வாய்க்கு ஓய்வு கொடுத்தறியாதவன். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு நான்கு நாள் ஒலிபரப்பை நிறுத்தியிருந்தான். அந்த நான்கு நாளில்தான் துல்லியம் இந்த வழக்கைத் தனியாக விசாரித்து முடித்து, கையெழுத்தும் போட்டிருந்தார்.

வழக்கு சின்னது. மலைப்பாதை போடும் கம்பெனி ஒன்றின் முகாமிலிருந்து, விலையுயர்ந்த அளவைக் கருவி ஒன்றை மரப்பெட்டியில் பூட்டி, ஓட்டுநர் ஒருவர் நகரத்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். ஒன்றரை மணி நேரப் பயணம். அவர் வந்து சேர நான்கு மணி நேரமாயிற்று. பெட்டியைத் திறந்தால் உள்ளே செங்கல். இண்டு இடுக்கெல்லாம் சாக்குத்துணி திணித்து, ஆடாமல் அசையாமல் மூடிவரை அடுக்கிய செங்கல்.

வழியில் ஆற்று மணலில் டயர் கிழிந்துவிட்டது, மாற்ற இரண்டரை மணி நேரம் பிடித்தது என்றார் ஓட்டுநர். கல் அடுக்கி ஜாக்கி வைத்தேன், பெட்டியைத் தொடவே இல்லை என்றார். துல்லியத்தின் அறிக்கையோ இப்படிச் சொன்னது: 'சம்பவ இடத்துக்கு நேரில் சென்று, அதே வண்டியில், வண்டியின் சொந்த ஜாக்கியைக் கொண்டே டயர் மாற்றிப் பார்க்கப்பட்டது. ஆன நேரம் பதினெட்டு நிமிடம். மீதி இரண்டு மணி நேரத்துக்கு ஓட்டுநரிடம் கணக்கில்லை.'

இன்று மாலை நான்கு மணிக்கு இறுதி விசாரணை. அந்த அறிக்கையை வாசித்துவிட்டு ஓட்டுநரை வேலையிலிருந்து நீக்கி, போலீசில் ஒப்படைப்பார்கள். இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டியவர்.

நேற்று ஓட்டுநரின் மனைவி அலுவலகத்துக்கு வந்திருந்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த எடத்துக்கு நீங்களே போய்ப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்மா."

"அப்ப மணல் எவ்ளோ ஆழம்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லி எழுந்துபோய்விட்டாள்.

அதிலிருந்து துல்லியத்துக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் எழுந்ததும், கடைசியாக ஓர் அளவு எடுக்க வேண்டியிருக்கிறது என்று கம்பெனிக் காவலாளியிடம் சொல்லி அதே வண்டியை வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். ரேடியோவிடமும் அதையேதான் சொன்னார்.

வண்டிக்கு முகாமில் வைத்த பெயர் ஒட்டகம். சாதாரண பிக்-அப் டிரக்தான். ஆற்றைக் கடக்க வசதியாக, சம்பவத்துக்கு ஒரு வாரம் முன்பு முகாம் மேலாளர் அதன் ஸ்பிரிங்குகளுக்கு அடியில் இரும்புக் கட்டை கொடுத்து, பெரிய டயர்களை மாட்டி, ஒரு முழம் உயர்த்தியிருந்தார். ஏறி உட்காரவே ஓர் ஏணி வேண்டும். ரேடியோ காலையிலிருந்து அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தான். இதில் ஏறி இறங்கினால் அக்கா சொல்லும் உடற்பயிற்சியெல்லாம் தனியாகத் தேவையில்லை என்றான்.

வலது பாதை ஆற்றுக்குள் இறங்கியது. தண்ணீர் இல்லாத, அகன்ற, வெள்ளை மணல் ஆறு. நடுவில் போய்க்கொண்டிருக்கும்போது இடது முன்பக்கம் 'டப்' என்றது. ஒட்டகம் ஒரு காலை மடித்துப் படுத்தது.

இறங்கிப் பார்த்தார்கள். வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட வேலிக் கம்பம் ஒன்று மணலுக்குள் புதைந்து, உடைந்த முனையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. டயரின் பக்கவாட்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல்.

ஓட்டுநரின் வாக்குமூலத்தில் இந்தக் கம்பம் இருந்தது. துல்லியத்தின் அறிக்கையில் இல்லை.

"மணி பத்து பத்து" என்றான் ரேடியோ. "உங்க பதினெட்டு நிமிஷத்துல பத்து இருபத்தெட்டுக்குக் கெளம்பிடலாம். நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன். அனுபவசாலி நீங்கதானே."

சக்கரம் தரையில் இருக்கும்போதே ரேடியோ நட்டுகளைத் தளர்த்தினான். ஸ்பேனர்மேல் ஏறி நின்று குதித்தபோது ஒவ்வொன்றும் முனகிக்கொண்டே திரும்பியது. சீட்டுக்குப் பின்னாலிருந்து ஜாக்கியை எடுத்து வந்தான். கறுப்பாக, குட்டையாக, தண்ணீர்ச் செம்பு உயரத்தில் ஒன்று.

துல்லியம் அதைப் பார்த்தார். இது அந்த ஜாக்கி இல்லை.

அன்று அவர் பார்த்தது சிவப்பு. முழங்கால் உயரம். நகரத்து அலுவலகத்தின் சிமென்ட் முற்றத்தில், சக்கரத்தின் அருகே தயாராக நிறுத்தி வைத்திருந்தது. ஆறு வரைக்கும் எதுக்கு சார் அலைச்சல், சக்கரம் எங்க இருந்தாலும் சக்கரம்தானே என்று மேலாளர்தான் சொன்னார். அதற்காகவே முகாமிலிருந்து இறங்கி வந்திருந்த மனிதர். வண்டியோட ஜாக்கிதானே என்று ஒரு பேச்சுக்குக் கேட்டதற்கு, பின்ன யாரோடது சார் என்று சிரித்தார். துல்லியமும் சிரித்தார். அன்று மாலை ஐந்து மணிக்கு வேறொரு கம்பெனியில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம். பிசகாத வேலைக்காக ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதற்கு நேரத்துக்குப் போக வேண்டியிருந்தது.

"என்ன மாமா, ஜாக்கியப் பாத்து ஜாதகம் கணிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. வை."

வைப்பதற்குத்தான் இடமில்லை. சக்கரம் மணலில் புதைந்துவிட்டதால் சக்கர அச்சான ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி நுழையவில்லை. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கு அடியில் வைத்தால், முழுக்க ஏற்றிய பிறகும் ஒன்றரை சாண் இடைவெளி. வண்டியை உயர்த்தியவர்கள் ஜாக்கியை உயர்த்தவில்லை.

ஆக்ஸிலுக்கு அடியில் கையால் தோண்டினார்கள். ஜாக்கியை இறக்கி ரேடியோ லீவரை அடிக்க அடிக்க, வண்டி அப்படியே இருந்தது. ஜாக்கிதான் சாவகாசமாக மணலுக்குள் போனது.

"நாம வண்டியத் தூக்கல மாமா. பூமிய அமுக்கிக்கிட்டு இருக்கோம்."

பதினோரு மணி. துல்லியத்தின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கைபேசியில் ஒரு கோடுகூட இல்லை.

ஓட்டுநர் கல் அடுக்கினேன் என்றாரே என்று ரேடியோ எடுத்துக்கொடுத்தான். ஆளுக்கொரு திசையில் நடந்தார்கள். கணுக்கால் புதைய, சில இடங்களில் முழங்கால் புதைய, வெயிலில் முக்கால் மணி நேரம். கூழாங்கல் உண்டு, கோடிக்கணக்கில் உண்டு. எல்லாம் உருண்டை. ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஓடிப்போகும். தட்டையாக ஒரு கல், ஒரு மரக்கட்டை, ஒரு பலகை? மருந்துக்கும் இல்லை. கரை நெடுக முட்புதர்தான்.

ரேடியோ திரும்பி வந்து வண்டி நிழலில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"அப்ப அந்தாளு பொய்தான் சொல்லியிருக்கார் மாமா. இங்க அடுக்கக் கல்லே கெடையாது."

துல்லியத்துக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பொய். ஓட்டுநர் பொய் சொல்லியிருக்கிறார். அப்படியானால் தான் வந்தாலும் வராவிட்டாலும் முடிவு ஒன்றுதான். எழுதியது எப்படியோ சரியாகத்தான் இருக்கிறது. யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது.

அந்த மூச்சு வெளியேறுவதற்குள் அவருக்குத் தன்மேலேயே குமட்டியது. ஒரு மனிதன் திருடனாக இருந்துவிட மாட்டானா என்று ஆசைப்பட்டு மூச்சு விட்டிருக்கிறார்.

ரேடியோ அதற்குள் அடுத்த யோசனைக்குப் போயிருந்தான். துல்லியம் அளவெடுக்கும் சாமான்களோடு கொண்டுவந்திருந்த இரும்புப் பெட்டியைக் காலிசெய்து கவிழ்க்காமல் வைத்து, மூடியை மூடி, அதன்மேல் ஜாக்கியை ஏற்றினான். இப்போது சேஸிஸுக்கு எட்டியது. நாலு அடி அடித்தான். ஐந்தாவது அடியில் மூடி 'மடக்' என்று உள்வாங்கிக் குழிந்தது.

"காலிப் பெட்டி மாமா. அது எப்படித் தாங்கும், என் மண்ட மாதிரி" என்று தலையில் தட்டிக்கொண்டான். அதோடு சும்மா இருக்கவில்லை. மூடியைத் திருப்பி ஸ்பேனரால் தட்டி நிமிர்த்தினான். பெட்டிக்குள் கூழாங்கல்லைக் கொட்டி, இடைவெளியில் மணலை நிரப்பி, மிதித்து மிதித்து விளிம்புவரை கெட்டியாக்கினான். மூடினான். மறுபடி ஜாக்கி.

இந்த முறை பெட்டி அசையவில்லை. ஒட்டகம் முனகிக்கொண்டு எழுந்தது. எழுந்தும் பிரச்சினை தீரவில்லை. சேஸிஸ் மேலே போகப் போக, உயர்த்திய ஸ்பிரிங் நீண்டுகொண்டே போய், சக்கரம் தரையை விடுவேனா என்றது. சக்கரத்துக்கு அடியில் துல்லியம் மண்டியிட்டு மணலை வாரி எடுத்தார். கேடயம் வாங்கிய கைகளில் நகக்கண்ணெல்லாம் மண். கடைசியில் சக்கரம் கழன்றது. ஸ்டெப்னியை உருட்டி வந்து மாட்டினார்கள். அது பழைய அளவு, சின்னது. இறக்கியதும் ஒட்டகம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

"செருப்பு மாத்திப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு" என்றான் ரேடியோ. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "பன்னெண்டு அம்பது. ரெண்டு மணி நாப்பது நிமிஷம். நாம ரெண்டு பேரு. அவர் ஒத்த ஆளு."

 துல்லியம் மணலில் இருந்த இரும்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜாக்கியை எடுத்த இடத்தில், மூடியின் நடுவே, அச்சடித்தாற்போல ஒரு வட்டம்.

வண்டியிலிருந்து வழக்குக் கோப்பை எடுத்தார். அதில் கருவிப் பெட்டியின் புகைப்படம். மரமூடியின் நடுவே ஒரு வட்டத் தழும்பு. படத்தை முதலில் பார்த்தபோது, யாரோ டீ கிளாஸ் வைத்திருப்பான் என்று அவர் நினைத்துக்கொண்டார். அறிக்கையில் 'பழைய தழும்பு' என்று எழுதி விட்டுவிட்டார்.

இப்போது குட்டை ஜாக்கியைப் புரட்டி அதன் அடியைப் பார்த்தார். வட்டம்.

"அவர் கல்லு அடுக்கல" என்றார் மெதுவாக. "கருவிப் பெட்டியத் தூக்கி அடியில வெச்சிருக்கார்."

ரேடியோ புகைப்படத்தை வாங்கிப் பார்த்தான்.

"வேற வழியில்ல அவருக்கு. ஆனா அத வெளிய சொன்னா வேலை போயிடும். அவ்ளோ பெரிய கருவிய வெச்ச பெட்டிமேல ஜாக்கி வெச்சேன்னு எந்த ஓட்டுநர் சொல்லுவான்? கூச்சப்பட்டுக் கல்லுன்னு சொல்லிட்டார். அப்புறம் மாத்த முடியல."

"இருங்க மாமா." ரேடியோ இரும்புப் பெட்டியைக் காலால் தட்டினான். "உள்ள கருவியும் பஞ்சும் இருந்திருந்தா மூடி உள்ள போயிருக்கணுமே. இது காலியா இருந்தப்ப போன மாதிரி."

"ஆமா. தாங்கியிருக்கு. அப்ப ஆத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே உள்ள செங்கல்தான் இருந்திருக்கு."

பெட்டியை முகாமில் அடுக்கியவர் ஒரே ஆள், மேலாளர். பூட்டிச் சாவியைத் தன் கொத்தில் மாட்டிக்கொண்டவரும் அவரே. சிவப்பு ஜாக்கியோடு மலையிலிருந்து இறங்கி வந்தவரும்.

ஒட்டகம் நொண்டிக்கொண்டே கரையேறியது.   பாதை பிரிந்த இடம் வந்ததும் ரேடியோ வண்டியை மெதுவாக்கினான்.

"நீங்க இங்க வந்ததே இல்ல. அப்படித்தானே மாமா?"

"எப்பத் தெரிஞ்சுது?"

"வேலிகிட்டயே. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

துல்லியம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முற்றத்தில் நடந்த சோதனை, சிவப்பு ஜாக்கி, கேடயம் எல்லாவற்றையும் வெளியே பார்த்தபடியே சொல்லி முடித்தார். சொந்த மச்சான் முன்னால் இதுவரை அவர் எதற்கும் தலைகுனிந்ததில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு ரேடியோ ஒரு வழி சொன்னான். வட்டத்தை மட்டும் காட்டினால் போதும். மேலாளர் மாட்டிக்கொள்வார், ஓட்டுநர் தப்பித்துவிடுவார். ஆற்றுக்குப் போகாத கதை அவையில் வரவே வேண்டியதில்லை. நல்ல வழிதான். சின்னச் சக்கரத்தோடு ஒட்டகம் மாட்டுவண்டி வேகத்தில்தான் ஊர்ந்தது. துல்லியம் ஊர் எல்லை வரும்வரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது, அவர்கள் உள்ளே நுழைந்தபோது. நீள மேஜை. தலைமாட்டில் நிர்வாக இயக்குநர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படிக்கும் பெண்மணி. வலப்பக்கம் மேலாளர். சுவரோரம் ஓட்டுநர், கைகளைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு. பக்கத்தில் அவர் மனைவி. மேஜை நடுவில் கருவிப் பெட்டி.

இயக்குநர் அறிக்கையைக் கையில் எடுத்து, இதில் மாற்றம் ஏதும் உண்டா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

துல்லியம் ஓட்டுநரைப் பார்த்தார். அந்த ஆள் தலையைத் தூக்கவில்லை. தான் சொன்ன பொய்க்குள்ளேயே பதுங்கி உட்கார்ந்திருந்தார். வட்டத்தைக் காட்டினால், அந்தப் பொய்யைப் பிடுங்கி மேஜைமேல் போட வேண்டியிருக்கும். தன்னுடையதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே.

"உண்டும்மா" என்றார். "நான் அந்த ஆத்துக்குப் போகவே இல்ல. போனேன்னு எழுதுனது பொய். டயர் மாத்திப் பாத்தது இங்க, வாசல்ல, சிமென்ட் தரையில. அந்த ஜாக்கி வண்டியோடது இல்ல. அதையும் நான் சரி பாக்கல."

 இயக்குநர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அவரை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். துல்லியத்துக்குக் காது மடல் எரிந்தது.

சுவரோரத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. ஓட்டுநர் எழுந்து நின்றிருந்தார்.

"நானும் பொய்தாங்க சொன்னேன்" என்றார், பெட்டியைப் பார்த்து. "கல்லு வைக்கல. அங்க கல்லே இல்ல. பெட்டியத்தான் வெச்சேன். கருவி உடைஞ்சிருக்கும்னு பயந்துகிட்டேதான் வந்தேன். தொறந்தா செங்கல்லு. அப்புறம் சொன்னா யாரு நம்புவா?"

ரேடியோ குட்டை ஜாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தான். துல்லியம் அதை மரமூடியின் தழும்புமேல் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. இரும்புப் பெட்டி காலியாக இருந்தபோது குழிந்ததையும், நிரப்பியபோது தாங்கியதையும் சுருக்கமாகச் சொன்னார்.

மேலாளர் நிதானமாகத்தான் பேசினார். கருவியை எங்கேயோ விற்றுவிட்டு, செங்கல்லை அடுக்கிவிட்டு, அப்புறம் ஆற்றில் ஜாக்கி வைத்திருக்கலாமே என்றார்.

"எப்ப சார்?" என்றான் ரேடியோ. "டயர் மாத்தவே எங்களுக்கு ரெண்டு மணி நாப்பது நிமிஷம் ஆச்சு, ஆளு ரெண்டு பேரு. உக்காந்து விக்கறதுக்கு எங்க நேரம்? கோப்புல இருக்கற படத்துலயே செங்கல்லு உங்க முகாம் சுவருக்குப் பக்கத்துல அடுக்கியிருக்கு, ஆத்துல இல்ல. அது போகட்டும், அந்தச் சிவப்பு ஜாக்கி எங்க?"

இயக்குநர் காவலாளியை அனுப்பினார். இரண்டு நிமிடத்தில் அவர் அதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். மேலாளரின் ஜீப்பில் பின்சீட்டுக்கு அடியில், கோணி போர்த்திக் கிடந்ததாம். மேலாளர் அதைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து மேஜையில் வைத்தார்.  மற்றதையெல்லாம் போலீஸ் வந்த பிறகுதான் சொன்னார்.

துல்லியம் வாசலுக்கு வந்தபோது ஓட்டுநரின் மனைவி படியோரம் நின்றிருந்தாள். அதே கைப்பை. அவருடைய கால்சட்டையைக் குனிந்து பார்த்தாள். முழங்கால்வரை வெள்ளை மணல் அப்பியிருந்தது.

"இவ்ளோ ஆழம்மா" என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"தெரியும் சார்" என்றாள். "இந்த மண்ணு பன்னெண்டு நாளைக்கு முன்னாடி ஒட்டியிருந்தா, என் பொண்ணு பள்ளிக்கூடத்த விட்டு நின்னிருக்க மாட்டா. திருடன் மகளேன்னுதான் கூப்பிட்டாங்களாம்."

அவள் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

அவள் கணவனோடு படியிறங்கிப் போனாள். ஒட்டகத்தைக் கடக்கும்போது ஓட்டுநர் நின்று, சாய்ந்திருந்த முன்சக்கரத்தின் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பார்த்தார். ஒன்று தளர்ந்திருந்தது போலிருக்கிறது. திரும்பி ரேடியோவிடம் ஸ்பேனர் கேட்டு வாங்கி, அதை இறுக்கிவிட்டு, ஸ்பேனரை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். துல்லியத்தின் பக்கம் அவர் பார்க்கவில்லை.